ஒரு வளைவுக்கு இரண்டு மேஸ்திரிகள்

காந்தா அந்தப் பட்டுக்கரை வேட்டியை வாரம் தவறாமல் துவைத்தாள். அவள் புருஷன் அப்பாதுரை அதைக் கட்டியது ஒரே ஒரு தடவைதான். அழுக்கு என்று சொல்ல ஒரு பொட்டுகூட இல்லை. இப்படித் துவைத்துக்கொண்டே போனால் ஜரிகை கறுத்துவிடும் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் செவ்வாய்க்கிழமை காலையானால் வேட்டி வாளியில் நனைந்து, கொடியில் ஏறிவிடும். கொடி கட்டியிருந்த இடமும் சாமானியமான இடமல்ல. புழக்கடையில் வெயில் கொட்டிக் கிடக்க, அதை விட்டுவிட்டு, எதிர்வீட்டுக்காரியான தன் அக்கா பொன்னியம்மாள் கதவைத் திறந்தால் நேரே கண்ணில் படுகிற மாதிரி வாசலில் கட்டியிருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் பொன்னியம்மாள் அரிசி களைந்த தண்ணீரைக் கொட்ட வாசலுக்கு வந்தாள். வேட்டியைப் பார்த்தாள். தண்ணீரைக் கொட்டாமலே உள்ளே போனாள்.

"ஏறிடுச்சி பாத்தியாய்யா கொடி? இன்னும் எத்தினி நாளுக்கு நான் இதைப் பாத்துக்கினு இருக்கணும்?"

கூழ் குடித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் துரைக்கண்ணு நிமிரவில்லை. வேட்டிதானே, காயட்டும் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினான். ஆனால் வேலைக்குப் புறப்பட்டவன் வாசலைத் தாண்டும்போது தலையைத் திருப்பி அந்த ஜரிகைக் கரையைப் பார்த்தான். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தான். வயிறு எரிந்தது. கூழில் மிளகாய் அதிகம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் இரயில் பாதையில், ஏரிக்கரையை ஒட்டி இருந்தது அந்தக் குடியிருப்பு. துரைக்கண்ணு ஒரு கேங்குக்கு மேஸ்திரி. அப்பாதுரை அடுத்த கேங்குக்கு மேஸ்திரி. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியைக் குத்தி இறுக்குவது, இறங்கிய இடத்தைத் தூக்கி மட்டம் பார்ப்பது, ஆணி கழன்றிருந்தால் அடிப்பது, இதுதான் கேங்கின் வேலை. இரண்டு பேரும் சகலைகள். மாகறலில் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள்.

ஏர் பிடித்துக்கொண்டிருந்த அப்பாதுரையைப் பாதை இன்ஸ்பெக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, வேலை வாங்கிக் கொடுத்ததே துரைக்கண்ணுதான். கடப்பாரையை எந்தக் கோணத்தில் கொடுத்தால் தண்டவாளத்தைத் தாங்கும் கட்டை எழும்பும் என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தான். தன்னால் ஆளானவன் என்று காட்டிக்கொள்ள ஒருவன் இருப்பது யாருக்குத்தான் பிடிக்காது? அவன் நம் தோளுக்குக் கீழே நிற்கிற வரைக்கும் பிடிக்கும். அப்பாதுரை மேஸ்திரியான போதுகூட துரைக்கண்ணு ஊரெல்லாம் கற்கண்டு கொடுத்தான். வினை வந்தது அந்த வேட்டியால்தான்.

காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருந்த கலியாணசுந்தர முதலியாருக்குப் பெங்களூரிலிருந்து பட்டுநூல் மூட்டைகள் இரயிலில் வந்து இறங்கும். நல்லபடியாகச் சரக்கு வந்து சேருகிற நன்றிக்கு, ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் அவர் ஒரு பட்டுக்கரை வேட்டி கொடுப்பார். எந்த மேஸ்திரியின் பாதை ஆட்டமில்லாமல் இருக்கிறதோ அவனுக்கு அது. ஆளைத் தேர்ந்தெடுப்பவர் பாதை இன்ஸ்பெக்டர் ராஜகோபால். பூஜைக்கு முன்பு அவர், ஆட்கள் தண்டவாளத்தின் மேல் தள்ளிக்கொண்டு வரும் டிராலியில் வருவார். பக்கத்தில் ஒரு பித்தளை டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் வைத்துக்கொள்வார். யாருடைய எல்லைக்குள் தண்ணீர் சிந்துகிறதோ அவன் அந்த வருஷத்துக்கு வேட்டியை மறந்துவிட வேண்டியதுதான்.

முந்தின வருஷம் வேட்டி அப்பாதுரைக்குப் போயிற்று. இன்ஸ்பெக்டர் அவன் தோளில் அதைப் போட்டபோது, கற்றுக்கொடுத்தது யார் என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று துரைக்கண்ணு எதிர்பார்த்து முன்வரிசையில் நின்றான். அப்பாதுரை சொல்லவில்லை. முதலியாருக்கும் இன்ஸ்பெக்டருக்கும் கும்பிடு போட்டுவிட்டு இறங்கிவிட்டான்.

அதையாவது பொறுத்திருப்பான். பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்கு அப்பாதுரை அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தான். மாமனார் குப்புசாமி, வந்தவர் போனவரையெல்லாம் கூப்பிட்டு, சின்ன மருமகனைத் திருப்பி நிறுத்திக் கரையைக் காட்டினார். அப்புறம் மூத்த மருமகன் பக்கம் திரும்பி, நீயும் ஒரு வருஷம் வாங்கணும் மாப்பிள்ளை என்று அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பைத் துரைக்கண்ணுவால் தாங்க முடியவில்லை. மாடு பார்க்கிற சாக்கில் கொல்லைப்பக்கம் போய் நின்றவன், சாப்பாட்டுக்குக் கூப்பிடும் வரை வரவில்லை.

இனிமேல் நடந்தது புரிய வேண்டுமானால் அந்த ஏரிக்கரை வளைவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

இரயில் வண்டி தானாக வளையாது. நேரே போகத்தான் அதற்கு விருப்பம். வளைவில் அதைத் திருப்புவது வெளிப்பக்கத் தண்டவாளம். சக்கரத்தின் விளிம்பு அதில் உரசி, முட்டி, வேண்டாவெறுப்பாகத் திரும்பும். அதனால் வளைவுகளில் வெளிப்பக்கத் தண்டவாளத்தை உள்பக்கத்தைவிட உயர்த்தி வைப்பார்கள். சைக்கிள்காரன் தெருமுனையில் உள்பக்கம் சாய்ந்து திரும்புவதைப் போல வண்டியும் சாய்ந்து போய்விடும். அந்த உயரம் வளைவு முழுவதும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் உயரமாக இருந்து, அடுத்த அடியில் சட்டென்று இறங்கக் கூடாது. மேடுபள்ளமான தரையில் நார்க்கட்டிலைப் போட்டால் ஒரு கால் தரையில் படாமல் தொங்குமே, அதேபோல வண்டியின் ஒரு சக்கரம் தொங்கிவிடும். ஆள் படுத்த கட்டில் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். வெறுங்கட்டில் ஆடும். சரக்கில்லாத காலி வேகன்களுக்கும் அதே கதைதான்.

ஏரிக்கரை வளைவு அந்தப் பாதையிலேயே கடுமையான வளைவு. யார் எல்லை பிரித்தார்களோ தெரியவில்லை, இரண்டு கேங்குக்கும் நடுவிலான எல்லைக்கல்லை அந்த வளைவின் நட்டநடுவில் நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். காஞ்சிபுரம் பக்கத்துப் பாதி துரைக்கண்ணுவுக்கு. வாலாஜாபாத் பக்கத்துப் பாதி அப்பாதுரைக்கு. பழைய மேஸ்திரிகள் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். யார் தன் பாதியைத் தூக்கினாலும் முதல் நாளே அடுத்தவனுக்குச் சொல்லி அனுப்புவான். மறுநாள் இரண்டு கேங்கும் கல்லுக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து நின்று ஜல்லி குத்தி, உயரத்தை ஒன்றாக்கி விடுவார்கள். பிறகு எல்லோரும் கரை மேலே உட்கார்ந்து கருவாட்டோடு கூழ் குடிப்பார்கள். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் வளைவு நின்றது இதனால்தான்.

அந்த வருஷம் புரட்டாசி மழை பலமாகப் பெய்தது. ஏரி தளும்பியது. கரை ஈரம் குடித்து, வளைவு முழுவதுமே கொஞ்சம் இறங்கிப்போயிற்று. வெள்ளிக்கிழமை டிராலியில் வருவதாக இன்ஸ்பெக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

துரைக்கண்ணு அந்தச் செவ்வாய்க்கிழமையே வேலையை ஆரம்பித்தான். அப்பாதுரைக்குச் சொல்லி அனுப்பவில்லை. தன் பாதியில் வெளிப்பக்கத் தண்டவாளத்தை, அனுமதித்த அளவின் மேல்கோடு வரைக்கும் தூக்கினான். மட்டப்பலகை வைத்துப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு கட்டையாகத் தானே முட்டிபோட்டுத் தட்டிப் பார்த்தான். ஆட்களே அசந்துபோனார்கள். மேஸ்திரிக்கு இந்த வருஷம் வேட்டி நிச்சயம் என்று பேசிக்கொண்டார்கள்.

எல்லைக்கல் வந்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்தான். பழனி என்ற கேங்மேன், பல வருஷமாக அவனோடு இருப்பவன், கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"அந்தாண்ட கட்டைங்களையும் தூக்கினாத்தானே மேஸ்திரி சேரும்? அவுங்களைக் கூப்புடட்டா?"

"அந்தாண்ட நம்ம ராஜ்யம் இல்லப்பா. நம்ம வேலை கல்லோட முடிஞ்சுது."

பழனி சாமான்களைப் பொறுக்கினான். மேஸ்திரி மனதில் ஓடிய கணக்கு அவனுக்குத் தெரியாது. டிராலி காஞ்சிபுரத்திலிருந்துதான் வரும். துரைக்கண்ணுவின் பாதியில் டம்ளர் அசையாது. கல்லைத் தாண்டியதும் பாதை சட்டென்று இறங்கும், டிராலி தூக்கிப்போடும், தண்ணீர் சிந்தும். சிந்துவது அப்பாதுரையின் எல்லைக்குள். இன்ஸ்பெக்டரின் கால்சட்டை நனைந்தால் இன்னும் விசேஷம். அந்தக் காட்சியை நினைத்து நினைத்துப் பார்த்து அன்று சாயங்காலம் துரைக்கண்ணு இரண்டு கரண்டி சோறு அதிகமாகச் சாப்பிட்டான். அவன் கெட்டவன் அல்ல. பெரிதாக ஒன்றும் நடக்கும் என்று அவன் நினைக்கவுமில்லை. ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான் அவன் கேட்டது.

புதன்கிழமை மத்தியானம் ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. முன்னால் சில வேகன்களில் பாரம், பின்னால் வரிசையாகக் காலி வேகன்கள். துரைக்கண்ணு கல்லுக்குப் பக்கத்தில் கரைச்சரிவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். வேண்டுமென்றேதான் அங்கே உட்கார்ந்திருந்தான். எவ்வளவு தூக்கிப்போடும் என்று பார்க்க ஆசை.

பாரவண்டிகள் முனகிக்கொண்டு போயின. காலி வேகன் ஒன்று கல்லைத் தாண்டியது. அதன் முன்பக்கத்து வெளிச்சக்கரம் தண்டவாளத்தைவிட்டு எழும்பியது. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் எதிர்ப்பக்கத்து ஏரித் தண்ணீர் பளிச்சென்று தெரிந்தது. பிறகு சக்கரம் பழைய இடத்திலேயே தொம்மென்று விழுந்தது. அடுத்த வேகனுக்கும் அப்படியே. வெற்றிலை துரைக்கண்ணுவின் வாயில் அப்படியே நின்றுவிட்டது.

கடைசியில் வந்த கார்டு வண்டியிலிருந்து தேவசகாயம் வழக்கம்போலப் பச்சைக்கொடியை ஆட்டினார். அந்தப் பாதையில் வெகுகாலமாக ஓடும் கார்டு அவர். கேங் ஆட்களைப் பார்த்தால் படித்து முடித்த பேப்பரைச் சுருட்டி எறிந்துவிட்டுப் போவார். அன்றும் எறிந்தார். துரைக்கண்ணு அதை எடுக்கவில்லை.

எழும்பின சக்கரம் பழைய இடத்தில் விழுந்தது அதிர்ஷ்டம். இரண்டு விரல் வெளியே விழுந்திருந்தால் தண்டவாளத்தின் தலைமேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியிருக்கும். இது துரைக்கண்ணுவுக்குத் தெரியாததல்ல. இப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்தவன் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். சிவப்புக்கொடியை நட வேண்டும். ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்ப வேண்டும். இரண்டு கேங்கையும் கூப்பிட்டு அன்றைக்கே சரி செய்துவிட வேண்டும்.

அவன் எழுந்து குடியிருப்பை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனான். அப்பாதுரையிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனான். ஆனால் அப்பாதுரை வீட்டு வாசலில் காந்தாவும் அவளைப் பார்க்க வந்திருந்த கமலவேணி என்ற தறிக்காரப் பெண்ணும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆயுதபூஜைக்கு இந்தத் தடவை என்ன கரை போட்டிருக்கிறது என்று காந்தா விசாரித்துக்கொண்டிருந்தாள். முதலியாருடைய தறியில் அந்த வேட்டியை நெய்கிறவள் கமலவேணியின் மாமியார்தான்.

"அன்னப்பட்சிக் கரை போடச் சொல்லுக்கா. அதுதான் எங்க வூட்டுக்காரருக்குப் புடிக்கும்."

கேட்டுக்கொண்டே வந்த துரைக்கண்ணுவின் கால் அங்கேயே நின்றுவிட்டது. கரையே முடிவு செய்துவிட்டாளா? நான் என்ன செத்தா போய்விட்டேன்? இப்போது போய்ச் சொன்னால் அப்பாதுரை இன்றே ஆட்களைக் கூட்டிச் சரி செய்துவிடுவான். வெள்ளிக்கிழமை டம்ளர் அசையாது. வேட்டியும் அவனுக்கே போகும். என் வாயாலேயே அதை அவன் தோளில் போடவேண்டுமா?

வந்த வழியே திரும்பினான். நடுவில் இருப்பது ஒரே ஒரு நாள், அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது என்று வழியெல்லாம் தனக்குச் சொல்லிக்கொண்டே போனான். சாயங்காலம் பாசஞ்சர் வண்டி, சந்தைக்குப் போய்த் திரும்புகிறவர்களும் கைக்குழந்தைக்காரிகளுமாக நிரம்பி வழிந்துகொண்டு வளைவைக் கடந்தபோது, அவன் கரையில் நின்று மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான். அது போய்ச் சேர்ந்தது. அப்போதும் அவன் சொல்லவில்லை. பொறாமை பிடித்தவனுக்கு இருக்கிற நெஞ்சழுத்தம் கொள்ளைக்காரனுக்குக்கூட இருக்காது.

வியாழக்கிழமை காலை கூட்ஸ் வந்தது. முழுக்கக் காலி வேகன்கள். முந்தின ஸ்டேஷனில் தாமதமானதால் டிரைவர் கொஞ்சம் விரட்டிக்கொண்டு வந்தார். தூரத்தில் ஜல்லி வாரிக்கொண்டிருந்த துரைக்கண்ணு சத்தத்தைத்தான் முதலில் கேட்டான். கல்லை வாரிக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு கட்டைகள் ஒவ்வொன்றாகப் பிளக்கிற சத்தம், பிறகு எதுவுமே இல்லை. ஏரியிலிருந்த கொக்குகள் மட்டும் எழும்பிப் பறந்தன.

கடைசி வேகன்கள் தடம் புரண்டு, கார்டு வண்டியையும் இழுத்துக்கொண்டு கரைக்குக் கீழே சாய்ந்து கிடந்தன. இரண்டு கேங்கும் ஓடின. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. துரைக்கண்ணுவும் அப்பாதுரையும் ஒரே இரும்புச் சட்டத்துக்கு அடியில் ஆளுக்கொரு கடப்பாரையைக் கொடுத்து, தோளோடு தோள் உரசித் தூக்கினார்கள். அடியில் தேவசகாயம் இருந்தார். உயிர் இருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது. பச்சைக்கொடி இன்னும் அவர் கையில் இருந்தது. பின்னால் வரவேண்டிய பாசஞ்சரைக் காஞ்சிபுரத்திலேயே நிறுத்திவிட்டார்கள் என்று யாரோ வந்து சொன்னபோது, துரைக்கண்ணு ஜல்லிமேல் உட்கார்ந்துவிட்டான்.

அன்றைக்கே இன்ஸ்பெக்டர் ராஜகோபால் வந்து பார்த்தார். சக்கரம் தரையில் விழுந்து கட்டைகளை அறுத்துக்கொண்டு போன தடம் அப்பாதுரையின் எல்லைக்குள் இருந்தது. துரைக்கண்ணுவின் பாதி அளவு பிசகாமல் இருந்தது. அந்த இடத்திலேயே அப்பாதுரையை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரணை திங்கட்கிழமை என்றார்கள்.

காந்தா வாசற்கொடியை அவிழ்த்துவிட்டாள். பொன்னியம்மாள் அன்று வடை சுட்டாள். வெறுமனேதான் சுட்டேன் என்றாள். சுட்டு வைத்துவிட்டு, எதிர்வீட்டில் அடுப்பு புகையவில்லையே என்று எட்டி எட்டிப் பார்த்தாள். அப்புறம் அவளுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது, வடையை மூடிவைத்துவிட்டாள். துரைக்கண்ணு தட்டைத் தொடவில்லை. வேண்டியது கிடைத்துவிட்டது. அப்பாதுரை தலைகுனிந்து போவதை அவன் கண்ணாரப் பார்த்தாயிற்று. ஆசைப்பட்டதைவிட அதிகமாகவே பார்த்தாயிற்று. அந்தச் சந்தோஷம் எங்கே என்று தேடிப் பார்த்தான், காணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனான். தேவசகாயத்தின் காலை எடுத்துவிட்டிருந்தார்கள். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. மனைவி தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். துரைக்கண்ணு வாங்கிப்போன சாத்துக்குடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். தேவசகாயம் அவனை உட்காரச் சொன்னார். காலையிலிருந்து யார் யாரோ வந்து கேள்வி கேட்டுவிட்டுப் போனதாகச் சொன்னார். குரலில் கோபம் இல்லை, அசதிதான் இருந்தது.

"எந்த மேஸ்திரி எல்லையில வண்டி வுழுந்துதுன்னு கேக்கறாங்கப்பா. கல்லுக்கு இந்தாண்டயா அந்தாண்டயான்னு கேக்கறாங்க. எனக்கு இன்னா தெரியும்? என் கால் மேல வுழுந்துது. அது மட்டும்தான் தெரியும்."

விசிறி நின்றது. அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துரைக்கண்ணு சாத்துக்குடியைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தான். ஆஸ்பத்திரிச் சுவரோரமாக நின்று அழுதான். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஒதுங்கிப்போனார்கள்.

திங்கட்கிழமை விசாரணை ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமில் நடந்தது. விசாரிக்க வந்த என்ஜினீயர் சீனிவாசன் வயதில் சின்னவர். ஆனால் முந்தின நாளே வந்து, வெயிலில் கட்டை கட்டையாகக் குனிந்து அவரே மட்டம் பார்த்திருந்தார். அப்பாதுரை கைகட்டி ஓரமாக நின்றான். துரைக்கண்ணு அவனுக்கு எதிர்ச்சுவரில்.

சீனிவாசன் நிதானமாகப் பேசினார். வளைவில் வண்டி கவிழ்ந்தால் நான்கு இடத்தில் காரணம் தேடுவோம் என்றார். வண்டியின் சக்கரமோ ஸ்பிரிங்கோ கெட்டிருக்கலாம். பாரம் ஒருபக்கமாக ஏற்றப்பட்டிருக்கலாம். வேகம் மீறியிருக்கலாம். பாதை கெட்டிருக்கலாம். இந்த வண்டியின் சக்கரம் நன்றாகத்தான் இருந்தது, பாரமே கிடையாது. டிரைவர் விரட்டி வந்திருந்தாலும் அனுமதித்த வேகத்துக்கு உள்ளேதான் வந்தார். மிச்சம் இருப்பது பாதை. பாதையில் ஒரு பாதியைத் தனியாக அளந்தால் சரி, மறுபாதியைத் தனியாக அளந்தாலும் சரி. இரண்டும் சேரும் இடத்தில் மட்டும் பாதை முறுக்கிக்கொண்டிருக்கிறது. இப்படிச் சொல்லிவிட்டு அவர் இரண்டு மேஸ்திரிகளையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த முறுக்கில் ஒவ்வொரு வண்டியும் குலுங்கியிருக்கும், உங்களில் ஒருவர் கண்ணில்கூடவா படவில்லை என்று கேட்டார்.

துரைக்கண்ணு சுவரைவிட்டு விலகி முன்னால் வந்தான்.

"பட்டுது சார். புதன்கிழமையே பாத்தேன். சக்கரம் எழும்பி வுழுந்துது. கொடி நட்டிருக்கணும், நடல. நான்தான் ஒசத்திக் கல்லோட நிறுத்தினேன், தெரிஞ்சேதான் நிறுத்தினேன். அவன் எல்லையில தண்ணி சிந்தணும்னு."

இன்ஸ்பெக்டர் ராஜகோபாலின் முகம் வெளுத்துவிட்டது. தன்னுடைய டம்ளர் இந்த இடத்தில் வந்து நிற்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா, தண்ணீர் என்றால் என்ன தண்ணீர் என்று விளங்காமல் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போது அப்பாதுரை கட்டியிருந்த கையை அவிழ்த்தான். அவன் பேசியது சீனிவாசனிடம் அல்ல, துரைக்கண்ணுவிடம்.

"நானும்தான் பாத்தேன் அண்ணே. நீ தூக்கினது ஜாஸ்தி, டிராலி உன் பாதியிலதான் ஆடும்னு நெனச்சிக்கினு சும்மா இருந்தேன். மாமனார் வூட்டுல இன்னிக்கும் மொதல் எலை உனக்குத்தானே போடறாங்க? என்னை வேலையில சேத்துவுட்டது நீன்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு இருக்கியே. ஒரு தபா நீ தலைகுனியணும்னு எனக்கும் இருந்துது."

துரைக்கண்ணு அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நாள் தன் நெஞ்சில்தான் நெருப்பு எரிகிறது என்று நினைத்திருந்தான். எதிர்வீட்டிலும் அதே நெருப்பு எரிந்ததை அவன் பார்க்கவே இல்லை. சொல்லப்போனால், வேட்டி வாங்கியவனுக்கே தன்மேல் பொறாமை இருக்கும் என்பது அவனுக்கு நம்ப முடியாததாக இருந்தது. அவனுக்கு அப்பாதுரைமேல் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது, தன்மேலும்தான்.

சீனிவாசன் இரண்டு பேருக்கும் மேஸ்திரி வேலை போகும் என்பதையும், அதற்கு மேலும் தண்டனை வரலாம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். பிறகு அவர் குமாஸ்தாவிடம், காரணம் பாதைக் கோளாறு என்று எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு, எழுந்திருக்கப் போனவர், நின்று, மற்ற கேங் ஆட்களுக்கு நான் என்ன காரணம் சொல்வது என்று கேட்டார். அதிகாரி கேட்கிற மாதிரி இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்கிற மாதிரி இருந்தது.

துரைக்கண்ணு தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"பொறாமைன்னு சொல்லுங்க சார். கூட வேலை செய்யறவன் கெட்டுப்போவணும்னு நாங்க ரெண்டு பேரும் நெனச்சோம். நாங்க ரெண்டு பேரும் முழுசா நிக்கறோம். எங்க சண்டை இன்னான்னே தெரியாத ஒரு மனுசன், கொடி ஆட்டிக்கினு எங்களை நம்பி வந்தவரு, காலு இல்லாம படுத்துக்கினு இருக்காரு. ஒருத்தன்மேல வைக்கற பொறாமை அவன்மேல போய் வுழறதில்ல சார், அந்த வழியா வர்றவங்கமேல வுழுது. அதைச் சொல்லுங்க."